மீட்டரில் 18, வண்டியில் 16

வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குச் சப் மீட்டர் என்றால் விளக்கம் தேவையில்லை. மாதக் கடைசியில் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சேர்ந்து நின்று பார்க்கும் எண் அது. கோவையில் எங்கள் போர்டிகோ சுவரில் இப்போது அப்படி ஒன்று இருக்கிறது, காருக்காக மட்டும். மின்சாரக் கார் வந்த வாரமே அதை மாட்டச் சொன்னேன். சார்ஜ் போடும்போதும் எடுக்கும்போதும் அதன் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைப்பது வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் இரவுக் கணக்கு இது. சப் மீட்டர் ஓடியது 18.2 யூனிட். வண்டித் திரையில் 40 சதவீதமாக இருந்தது காலையில் 80 ஆகியிருந்தது. எங்கள் வண்டியின் பேட்டரி 40 யூனிட் கொள்ளும். ஆக ஏறியது 16 யூனிட். மிச்சம் 2.2 யூனிட் எங்கே போனது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்த வண்டி எனக்குப் பிடிபட்டது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். விற்பனைத் தாளில் பேட்டரியின் அளவைக் கிலோவாட்-ஹவர் என்று போட்டிருப்பார்கள். அது வேறொன்றுமில்லை, ஈ.பி. அட்டையில் நாம் காலங்காலமாகப் பார்த்துவரும் யூனிட்தான். 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் 1 யூனிட். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் சதவீதத்தில் பேசுவதை விட்டு யூனிட்டில் யோசிக்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் அனுபவம். '10 சதவீதம் இறங்கிவிட்டது' என்றால் பதற்றம்தான் வரும். '4 யூனிட் செலவு' என்றால் எதற்குச் செலவானது என்று தேட முடியும்.

அந்த 2.2 யூனிட்டுக்கு வருவோம். வீட்டுச் சுவரில் வருவது ஏ.சி. மின்சாரம். பேட்டரி வாங்கிக்கொள்வது டி.சி. மட்டுமே. இதை அதுவாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் தொங்கும் பெட்டியைச் சார்ஜர் என்று சொன்னாலும், அது உண்மையில் காவலுள்ள ஒரு சுவிட்ச்தான். உண்மையான சார்ஜர் வண்டிக்குள் இருப்பது. மாற்றும்போது ஒரு பங்கு வெப்பமாகப் போகும். எங்கள் கணக்கில் அது ஏறக்குறைய 1 யூனிட். மீதியைத் தின்றது வண்டியின் விழிப்பு. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் கணினிகளும் குளிரூட்டும் பம்பும் வேலை செய்கின்றன. அவை 200 வாட் எடுத்தால் 6 மணி நேரத்தில் 1.2 யூனிட்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மெதுவாக ஏற்றினால் மிச்சம் என்று நினைக்கிறோம். மின்கட்டணத்தைப் பொறுத்தவரை அப்படியில்லை. 15 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட் வேகத்தில் 6 மணி நேரம் பிடிப்பது, 7 கிலோவாட் பெட்டியில் இரண்டரை மணி நேரத்தில் முடியும். விழித்திருக்கும் நேரம் குறைவு, அந்தச் செலவும் குறைவு. சாலையோர விரைவு சார்ஜிங் நிலையங்களில் நடப்பது வேறு. அங்கே ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் வேலையை வெளியே நிற்கும் பெரிய பெட்டியே செய்துவிட்டு நேராகப் பேட்டரிக்குள் அனுப்புகிறது.

வீட்டு வயரிங்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கீசரும் அதே 15 ஆம்பியர் பிளக்கில்தான் ஓடுகிறது, கார் ஓடாதா என்று கேட்கிறார்கள். கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் இரவு முழுக்க இழுக்கும். பிளக்கின் பின் சற்றே தளர்ந்து அந்த இடத்தில் 0.1 ஓம் தடை உண்டானால், 15 ஆம்பியருக்கு அங்கே பிறக்கும் வெப்பம் 22.5 வாட். ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைப் பற்றவைத்து ஒரு பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் ஆறு மணி நேரம் செருகி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். அதனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மெயினிலிருந்து தனி லைன், அதற்குத் தனி எம்.சி.பி., 30 மில்லியாம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி., 3.3 கிலோவாட்டுக்கு 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 7 கிலோவாட்டுக்கு 6 சதுர மி.மீ. இதில் மிச்சம் பிடிக்கவே வேண்டாம். வீட்டுக்கு அனுமதித்த மின்சுமை போதுமா என்று ஈ.பி. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எர்த் விஷயத்தை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். ஏப்ரல் மாதம், மழை பார்த்து நாளாகியிருந்தது. சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு. வண்டிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தோம். எலக்ட்ரீஷியன் வந்தார், வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் காம்பவுண்டு ஓரத்துக்குப் போய், "குழி காஞ்சு கெடக்குதுங்க. ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க, அப்புறம் பேசலாம்" என்றார். ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் பச்சை எரிந்தது. எர்த் குழியில் கரியும் உப்பும் போடுவது ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான். மண் காய்ந்தால் மின்சாரம் தரைக்குள் இறங்கத் தடை கூடும். கார் ரப்பர் டயரில் நிற்கிறது. உள்ளே எங்காவது கசிந்து உடல் தகட்டுக்கு மின்சாரம் வந்தால், எர்த் கம்பி வழியாகத்தான் அது இறங்க வேண்டும். அந்த வழி இல்லையென்றால் கதவைத் தொடுகிறவரின் உடல்தான் வழி. சார்ஜர் ஏற்ற மறுத்தது நமக்காகத்தான். சிவப்பு எரிகிறதே என்று எர்த் சோதனையை ஏமாற்றும் குறுக்கு வேலைகளைச் செய்து தருகிறவர்கள் உண்டு. அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கட்டணக் கணக்கு சுருக்கமானது. மாதம் 1,000 கி.மீ. ஓடும் வண்டி, 100 கி.மீ.க்கு 14 யூனிட் வீதம் பேட்டரியிலிருந்து 140 யூனிட் எடுக்கும். மீட்டரில் அது 160 ஆகும். இரண்டு மாத ரீடிங்கில் 320. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறிவிடும் என்பதால், காரின் யூனிட் வீட்டின் யூனிட்டையும் சேர்த்து மேலே தள்ளிவிடும். பெட்ரோல் செலவோடு ஒப்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி பேட்டரிக்குள். சார்ஜ் ஏறுவது என்றால் லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்கார்வது. கல்யாணப் பந்தியைப் போல. முதலில் வருபவர்கள் கண்ட இலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள், கடைசி நாலு பேர் இடம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. விரைவு நிலையத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வேகம் படுத்துவிடுவது இதனால்தான். அவசரப்படுத்தினால் அயனிகள் அடுக்குக்குள் போகாமல் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படியும். அது பேட்டரிக்குக் கேடு.

எந்த வேதியியல் பேட்டரி என்று தெரிந்துகொள்வது முக்கியம். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை ஒன்று. இரும்பு பாஸ்பேட் வகை இன்னொன்று. இரண்டாவதன் வேரில் ஒரு தமிழர் இருக்கிறார். அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 1980களில் அவரும் ஜான் குட்இனஃபும் சேர்ந்து, இரும்புச் சேர்மத்தில் ஆக்சைடுக்குப் பதிலாகச் சல்பேட் போன்ற தொகுதியை வைத்தால் மின்னழுத்தம் உயர்கிறது என்று காட்டினார்கள். அந்த வழியில் 1997இல் குட்இனஃப் குழுவிடமிருந்து வந்ததுதான் இரும்பு பாஸ்பேட். விலை உயர்ந்த கோபால்ட் வேண்டாம், சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். 2019இல் 97 வயதில் குட்இனஃப் நோபல் பெற்றபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம்தான். நம் போர்டிகோவில் நிற்கும் வண்டிக்குள் அந்தக் கிராமத்துப் பிள்ளையின் உழைப்பும் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமிதமாக இருக்கும்.

இரும்பு பாஸ்பேட்டுக்கு ஒரு குணம் உண்டு. சமையல் கேஸ் சிலிண்டரை எண்ணிப் பாருங்கள். பாதி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பில் தீ ஒரே மாதிரிதான் எரியும், தீரப் போகும் நேரத்தில்தான் சுருங்கும். தீயைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக் கணக்குப் போடுகிறோம். இந்தப் பேட்டரியின் மின்னழுத்தமும் அப்படித்தான், நடுப்பகுதி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவு. வண்டிக் கணினி உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் சொல்கிறது. சின்னச் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே வரும். வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்வது அந்தக் கணக்கைப் புதிதாகத் தொடங்கத்தான். 22 சதவீதம் காட்டிய வண்டி திடீரென்று 15க்கு விழுந்தது என்றால், மின்சாரம் ஒழுகவில்லை, கணக்கு திருத்தப்பட்டது என்றுதான் பெரும்பாலும் பொருள். நிக்கல் வகையில் இந்தச் சிக்கல் குறைவு. அதை அன்றாடம் 80 அளவில் நிறுத்தி, வெளியூர் போகும் முன் மட்டும் நிரப்பினால் போதும்.

சும்மா நிற்கும் வண்டியில் இறங்குகிறதே, அது? லித்தியம் செல் தானாக இழப்பது மிகக் குறைவு, மாதத்துக்குச் சில சதவீதம்கூடப் பெரும்பாலும் வராது. இறங்குவதற்குக் காரணம் விழித்திருக்கும் பாகங்கள். சில வண்டிகளில் நிறுத்திய பிறகும் கேமராக்கள் சுற்றிலும் காவல் பார்க்கும். அது 200 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட், 40 யூனிட் பேட்டரியில் 12 சதவீதம். கைபேசிச் செயலியில் 'சார்ஜ் எவ்வளவு இருக்கிறது' என்று அடிக்கடி பார்ப்பதும் தூங்கும் வண்டியைத் தட்டி எழுப்புவதுதான்.

இவற்றோடு 12 வோல்ட் சிறிய பேட்டரியையும் மறக்கக் கூடாது. கதவுப் பூட்டு, கணினி, பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்ச் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. அது இறங்கிப்போனால் பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தும் வண்டி எழுந்திருக்காது. பெரியது அவ்வப்போது சிறியதற்கு ஊட்டிக்கொண்டிருப்பதும் நிற்கும்போது நடக்கும் செலவில் ஒன்று. இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போகிறவர்கள் பாதிக்குச் சற்று மேலே வைத்து, கேமராக் காவலை அணைத்துவிட்டுப் போகலாம். நிறைத்து வைத்துவிட்டுப் போவது நல்லதல்ல.

காரணம் மூப்பு. கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகி, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது திரும்பி வராது. வெயிலும் நிறைந்த பேட்டரியும் சேர்ந்தால் இந்த வேலை வேகமாக நடக்கும். நம் ஊர் மே மாதத்தில் 100 சதவீதத்தோடு வெட்டவெளியில் நாள்கணக்கில் நிறுத்துவதுதான் பேட்டரிக்குச் செய்யக்கூடிய பெரிய தீங்கு. நிழல் பெரிய உதவி. இரவில் சார்ஜ் விடியற்காலையில் முடியும்படி நேரம் வைத்துவிட்டால், நிறைந்த நிலையில் காத்திருக்கும் நேரமும் குறையும்.

ஓட்டும்போது ஆகும் செலவில் ஏ.சி. பெரிய குற்றவாளி என்பார்கள். நெரிசலில் அது உண்மை. 1 கிலோவாட் எடுக்கும் ஏ.சி., 20 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ.க்கு 5 யூனிட் தின்னும். நெடுஞ்சாலையில் 80இல் போனால் 1.25தான். அங்கே குற்றவாளி காற்று. 80ஐ விட்டு 100க்குப் போனால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைத் தள்ளும் செலவு 56 சதவீதம் கூடுகிறது. சேலம் போகும்போது ஜன்னலைத் திறந்து வேர்த்துக்கொண்டு போவதைவிட ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு 85இல் போவது மேல்.

மலை இன்னும் சுவையானது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,700 கிலோ உள்ள வண்டியை அவ்வளவு தூக்கவே 8.8 யூனிட் வேண்டும். உருளுவதற்கும் வீணாவதற்கும் ஆவது தனி. ஐம்பது கிலோமீட்டர் ஏறுவதற்குள் எங்களுக்கு 35 சதவீதம் போய்விட்டது. ஆனால் அந்த 8.8 யூனிட் தொலைந்துவிடவில்லை. உயரமாக மாறி நம்மோடு இருக்கிறது. இறங்கும்போது மோட்டார் டைனமோவாக வேலை செய்து அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும், வண்டியையும் பிடித்து நிறுத்தும்.

முதல் பயணத்தில் விடுதியில் 100 வரை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். நிறைந்த பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடமில்லை. திருப்பி வாங்கும் பிடி வெகுவாகக் குறைந்து, கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாச் சுமையும் சக்கரத்து பிரேக்கின் மேல் விழுந்தது. குன்னூர் தாண்டியதும் கருகல் வாடை வந்தது, ஓரங்கட்டி ஆறவிட்டோம். அடுத்த முறை 75இல் நிறுத்திவிட்டுப் புறப்பட்டோம். பின் சீட்டில் இருந்த மகள் திரையை எட்டிப் பார்த்து, ஒவ்வொரு வளைவுக்கும் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம் அருகே அவள் கடைசியாகச் சொன்னது 82.