ஒரு நாள் லீவுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடிக்கலாமா?

துணிக்கடை, பனியன் கம்பெனி, தனியார் பள்ளி என்று எங்கே விசாரித்தாலும் ஒரே பாட்டுதான். "சொல்லாம லீவு போட்டா ரெண்டு நாள் சம்பளம் கட்." "மூணு தடவை லேட்டா வந்தா அரை நாள் கட்." கேட்டுக் கேட்டுப் பழகி, சட்டமே இப்படித்தான் என்று பலரும் நம்பிவிட்டார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

உரிய விடுப்பு கையில் இல்லாமல் வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது, அதில் தகராறில்லை. ஆனால் எவ்வளவு நேரம் வரவில்லையோ, அந்த விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொன்னது இது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் 20-ஆவது பிரிவில் இதையே சொல்கிறது. மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்கள் பழைய சட்டத்துக்குள் வரவில்லை. புதிய தொகுப்பில் அந்த உச்சவரம்பு இல்லை.

கணக்குப் போட்டால் அநியாயம் பளிச்சென்று தெரியும். 26 நாளுக்கு 15,600 ரூபாய் என்றால் நாள் சம்பளம் 600. எட்டு மணி நேர வேலையில் மணிக்கு 75. பத்துப் பத்து நிமிடமாக மூன்று நாள் தாமதம் என்றால் மொத்தம் அரை மணி நேரம். பிடிக்க வேண்டியது 37 ரூபாய் 50 காசு. அரை நாள் கட் என்ற பெயரில் போவது 300 ரூபாய். எட்டு மடங்கு!

"அது அபராதம்" என்று நிர்வாகம் சொல்லலாம். அபராதத்துக்குத் தனி விதி உண்டு. எந்தக் குற்றத்துக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். அதை வேலையிடத்தில் ஒட்ட வேண்டும். ஊழியரிடம் விளக்கம் கேட்க வேண்டும். அப்போதும் அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் அது 468 ரூபாய். வசூலான பணம் முதலாளியின் கல்லாவுக்குப் போகக் கூடாது. பதிவேட்டில் எழுதி, ஊழியர் நலனுக்கே செலவிட வேண்டும். அப்படியொரு பதிவேட்டைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்?

ஒரு விதிவிலக்கு உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ கூட்டாக, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், வேலை ஒப்பந்தத்தில் இடமிருக்கும் பட்சத்தில் எட்டு நாள் சம்பளம் வரை கூடுதலாகப் பிடிக்கலாம். காய்ச்சலில் படுத்த தனி ஆளுக்கு இது பொருந்தாது.

வருகை ஊக்கத்தொகை வேறு விஷயம். சம்பளத்துக்கு மேல் கூடுதலாகத் தருவதை, லீவு போட்ட மாதத்தில் நிறுத்தலாம். பேசிய சம்பளத்திலேயே ஒரு பகுதியைப் பிய்த்து, அதற்கு ஊக்கத்தொகை என்று பெயர் வைப்பதை நான் ஏமாற்று வேலை என்றே சொல்வேன்.

பே ஸ்லிப் கேட்டு வாங்குங்கள். தர வேண்டியது முதலாளியின் கடமை. கூடுதலாகப் பிடித்திருந்தால், மூன்று ஆண்டுக்குள் உரிய அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். பிடித்த தொகையோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு.