வீட்டுக்குள் வன்முறை – 6: ரத்தத்தில் எவ்வளவு?

மனைவியை அடிப்பவனின் தகப்பனும் அடித்தவனாக இருப்பது அடிக்கடி காணப்படுவதுதான். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் சொந்தபந்தம் கூடிப் பேசும்போது, ‘அவங்க அப்பனும் இப்படித்தான்’ என்ற ஒரு வரியோடு பஞ்சாயத்து முடிந்துவிடுவதும் உண்டு. ஆனால் தகப்பன் மகனுக்கு மரபணுவையும் தருகிறான், வளரும் வீட்டையும் தருகிறான். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் இரட்டையர்களை நாடினார்கள்.

ஒருகரு இரட்டையருக்கு மரபணுக்கள் அநேகமாக முழுதும் ஒன்று. இருகரு இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி. வீடு இரு வகையினருக்கும் பொது. முதல் வகையினர் ஒரு குணத்தில் கூடுதலாக ஒத்திருந்தால், அந்தக் கூடுதல் மரபணுவின் கணக்கில் சேரும். அமெரிக்க இரட்டையர்களைக் கொண்டு பார்ன்ஸ் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், துணையை அடிப்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 24 விழுக்காடு மரபணு சார்ந்தது. காயம் ஏற்படும்படி தாக்குவதில் 54. மீதி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்க்கும் சூழல். ஒரே வீட்டில் வளர்ந்ததன் பங்கு ஏறக்குறைய இல்லை.

இந்தியத் தரவுகள் வேறு மாதிரி பேசுகின்றன. வேலூர் ஜெயசீலனும் சகாக்களும் சென்னை உட்பட ஏழு இடங்களில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் எடுத்த தகவலை 2007-இல் வெளியிட்டார்கள். கணவனின் குடி, அந்தப் பெண்கள் சிறுவயதில் தங்கள் அப்பா அம்மாவை அடித்ததைக் கண்டது ஆகியவை அதில் முன்னே நின்றன. தேசியக் குடும்பநல ஆய்விலும் (2019–21), கணவன் அடிக்கடி போதையில் இருக்கும் வீடுகளில் பத்தில் ஏழு பெண்கள் அடியோ பாலியல் வன்முறையோ பட்டவர்கள்.

இரண்டும் மோதுவதுபோலத் தெரிவதற்குக் காரணம் அளக்கும் முறைதான். இரட்டையர் கணக்கு வேறுபாட்டை மட்டுமே அளக்கும். ஊருக்கே பொதுவான ஒன்று அதில் பதிவாகாது. தமிழ்நாட்டில் கணவன் அடிப்பதற்கு ஏதோ ஒரு நியாயம் உண்டென்று பெரும்பான்மைப் பெண்களே சொல்கிறார்கள். இவ்வளவு பரவலான எண்ணம் எவ்வளவு தீங்கு செய்தாலும் அந்தக் கணக்கில் பெரிதாகத் தெரியாது. 24 என்ற அமெரிக்க எண்ணை மதுரைக்குத் தூக்கி வருவதில் பொருளில்லை.

இன்னொரு சிக்கல் சொந்தத்தில் திருமணம். தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால் பங்குக்கும் மேல் உறவுக்குள் நடப்பவை. அப்பா அம்மா உறவுக்காரர்களாக இருந்தால் இருகரு இரட்டையரின் ஒப்புமையும் பாதியைத் தாண்டும், கணக்கு தடுமாறும். வாழ்க்கையில் இதன் விளைவு இன்னும் கடுமை. தாய்மாமனுக்கு வாக்கப்பட்டவள் அடிபட்டு வந்தால், அவளைச் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்புகிற தாய், அடித்தவனுக்கு அக்காள்.

மரபணுவும் சூழலும் தனித்தனியே இயங்குவதுமில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்த ஆண்களை வளரும் பருவம் முழுதும் தொடர்ந்து கவனித்து, 2002-இல் கேஸ்பி குழு எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. எம்.ஏ.ஓ.ஏ. மரபணுவின் செயல்பாடு குறைந்தவர்களில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடமே வன்முறை கூடியிருந்தது. இந்த மரபணுவுக்கு ‘போர்வீரன் மரபணு’ என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டியது வீண் ஆர்ப்பாட்டம்.

மாற்றக்கூடிய சூழலில் சொத்துக்குப் பெரிய இடம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் செய்து 2005-இல் வெளியான ஆய்வில், நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடிபட்டவர்கள்; இரண்டும் உள்ளவர்களில் 7 விழுக்காடு. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது. ‘சீர் செஞ்சாச்சு’ என்று சொல்லி, அண்ணன் தம்பிகளுக்காக மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது மதுரைப் பக்கம் இன்னும் நடக்கிறது.