ஒரே கவுண்டர்... எல்லா பேங்கும்!

சின்ன வயசுல நம்ம குமரி மாவட்டத்துல பார்த்த 'எஸ்.பி.டி.' போர்டு ஞாபகம் இருக்கா? 1945-ல் தொடங்கின அந்த திருவிதாங்கூர் பேங்க், 2017 ஏப்ரல் 1-ல் எஸ்.பி.ஐ.யோடு இணைஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் நாடு முழுக்க அருகருகே இருந்த கிளைகள் பலவும் ஒன்றாக்கப்பட்டன.

'அதான் ஜிபே இருக்கே பாஸ்'னு சொல்றீங்களா? உங்களுக்கு ஓகே. பென்ஷன் வாங்குற ஆச்சிக்கு..? பேங்க் தள்ளிப் போனா பஸ் ஏறணுமே!

பிரிட்டன்ல இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கிளைகள் மூடின ஊர்ல, பெரிய பேங்குகளுக்கெல்லாம் பொதுவா ஒரே 'பேங்கிங் ஹப்'. 2021-ல் ராச்ஃபோர்ட், கேம்பஸ்லாங்னு ரெண்டு ஊர்ல சோதனை. இப்போ நூறைத் தாண்டியாச்சு! பணம் போட, எடுக்க போஸ்ட் ஆபீஸ் கவுண்டர். கூடவே, நாளுக்கு ஒரு பேங்க்னு அந்தந்த பேங்க் ஊழியரே வந்து உட்காருவார்.

இதுல பாதி நம்மகிட்டயே இருக்கு. 2018 செப்டம்பர் 1-ல் தொடங்கின இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் மூலமா, ஆதார் இணைச்ச எந்த பேங்க் கணக்கிலிருந்தும் போஸ்ட்மேன்கிட்டயே பணம் எடுக்கலாம். ஆனா, வலை இழுத்து ரேகை தேய்ஞ்ச கைன்னா மெஷின் அடம்பிடிக்கும். உங்க கல்விக்கடன் சந்தேகத்துக்கும் போஸ்ட்மேன் பதில் சொல்ல முடியாது.

மீதிப் பாதி? வாரம் ஒருநாள் வந்து உட்கார ஒரு பேங்க் ஊழியர்! உட்கார போஸ்ட் ஆபீஸ் இருக்கு. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னா லீவு மட்டுமில்ல... கிராம சபையும் உண்டு. ஓட்டு இருக்கிற நீங்க எழுந்து கேட்கலாமே!