களவுப் பணமும் காவல் யந்திரமும்

முன்னாளில் பணம் களவு போனால் திருடன் ஓடிய தெருவையாவது காட்ட முடிந்தது. இன்று பெங்களூரில் தங்கி உழைக்கும் ஒருவரை ஏமாற்றிக் கைப்பேசி வழியாகக் கவரும் பணம், அவர் நடந்ததை உணருமுன்பே ஒரு பாங்கிலிருந்து மற்றொன்றுக்கும், அங்கிருந்து ஐந்தாறு கணக்குகளுக்குமாகப் பிரிந்துவிடுகிறது. முடிவில் எவரோ ஒருவர் ஏதோ ஓர் ஊரில் அதனை நோட்டுகளாக எடுத்துக்கொள்கிறார். அதற்குப் பின் மீட்பது அரிது. 2018 ஆகஸ்டில் புனே நகரத்துக் காஸ்மாஸ் கூட்டுறவு பாங்கின் கணினிகளில் புகுந்த கூட்டம், சில தினங்களுக்குள் ஏறத்தாழ 94 கோடி ரூபாயை அபகரித்தது. அதில் பெரும்பகுதி 28 நாடுகளில் பணம் வழங்கும் யந்திரங்களிலிருந்து எடுக்கப்பட்டது.

களவுப் பணம் தங்கிச் செல்ல உதவும் இரவல் கணக்கை ஆங்கிலத்தில் கோவேறு கழுதைக் கணக்கு என்கிறார்கள். மொழிபெயர்ப்போருக்குச் சங்கடமான சொல்தான். எனினும், முதுகில் இருப்பது யாது என்று அறியாமலே சுமக்கும் பிராணி என்ற அளவில் பொருத்தமே. நாம் அதனைப் பொதிக் கணக்கு என்போம்.

பெங்களூரில் 2022 மார்ச்சு மாதம் தொடங்கப்பெற்ற ரிசர்வ் பாங்கின் புத்தாக்க மையம், இப்பொதிக் கணக்குகளைக் கண்டறியச் செயற்கை நுண்ணறிவு முறை ஒன்றை உருவாக்கியது. மியூல்ஹண்டர் என்னும் அதனைப் பற்றி ரிசர்வ் பாங்கு 2024 டிசம்பரில் அறிவித்தது. பெரிய அரசுத்துறை பாங்குகள் இரண்டில் அது முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

பழைய முறையில் யந்திரத்துக்கு விதிகளை எழுதிக் கொடுத்தார்கள். இன்ன தொகைக்கு மேல் வந்தால் எச்சரிக்கை செய் என்பது போன்றவை அவை. திருடர்கள் அத்தொகைக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டார்கள். நேர்மையானவர்களோ அடிக்கடி அகப்பட்டார்கள். ஒவ்வோர் எச்சரிக்கையையும் அலுவலர் ஒருவர் படித்துப் பார்க்குமுன் பணம் ஊர் கடந்துவிடும். புதிய முறை, முன்பு பிடிபட்ட கணக்குகளின் நடத்தையிலிருந்து தானே பாடம் கற்கிறது. நெடுநாள் உறங்கிய கணக்கு திடீரென விழிப்பது, வந்த பணம் நிமிடங்களில் வெளியேறுவது, முன்பின் தொடர்பில்லாத பலரிடமிருந்து தொகை வருவது ஆகியவற்றைச் சேர்த்து எடைபோட்டு, ஐயத்துக்குரியவற்றை முதலில் பார்க்குமாறு அலுவலருக்கு உணர்த்துகிறது.

இங்கு ஓர் இடர் உண்டு. கட்டட வேலைக்கு ஆட்களை அழைத்து வரும் மேஸ்திரியை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை அவர் கணக்கில் பெருந்தொகை சேர்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் இருபது பேருக்குக் கூலியாகப் பிரிந்து போகிறது. யந்திரத்தின் கண்ணுக்கு இதுவும் பொதிக் கணக்கைப் போலவே தோன்றக்கூடும். கணக்கை முடக்கினால் இருபது குடும்பங்களின் அடுப்பு அணையும். ஆதலால் ஐயத்தை எழுப்புவது யந்திரமாயினும், முடிவு செய்வது விசாரித்தறிந்த மனிதராகவே இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

பாஸ்புத்தகத்தையும் அட்டையையும் கொடுத்தால் மாதம் சில ஆயிரம் தருகிறோம் என்று அயலூரில் தனித்திருப்போரிடம் வருபவர்கள் தேடுவது இத்தகைய கணக்கையே. கொடுத்தவர் களவறியாதவர் ஆயினும் விசாரணை முதலில் அவர் வாசலுக்கே வரும்.

பணத்தை இழந்தவர் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முறையீடு பதிவானதும் செய்தி பணம் சென்ற பாங்குக்கு அனுப்பப்படுகிறது. தொகை அங்கே எஞ்சியிருந்தால் நிறுத்தி வைக்கப்படும், நகர்ந்திருந்தால் அடுத்த பாங்குக்குச் செய்தி தொடரும். அழைக்கும்போது பாங்கின் பெயர், தொகை, பணம் போன நேரம், பரிமாற்ற எண் ஆகியவை கையில் இருக்கட்டும்.