லண்டன் ஓட்டல் பில்லில் அந்த 12.5% எதுக்கு? 'மெட்ராஸ் கறி' முதல் முந்திரி வரை... பிரிட்டன் போகும் நெய்வேலி பிள்ளைகள் தெரிஞ்சுக்க வேண்டியவை

மேற்படிப்புக்காக நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து பிரிட்டன் போகும் பிள்ளைகளின் வீடுகளில், செப்டம்பர் வந்தால் போனில் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "வெளியே சாப்பிட்டா எவ்வளவு ஆகுது?"

நெய்வேலிக்கும் பிரிட்டனுக்கும் தொடர்பு புதுசு இல்லை. 1950-களில் இங்கே பழுப்பு நிலக்கரியை லாபகரமாக வெட்டி எடுக்க முடியுமா என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்ததே பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனம்தான். பிறகு சுரங்க இயந்திரங்கள் ஜெர்மனியில் இருந்து வந்தன, முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு வந்தது. அன்றைக்கு வெளிநாட்டு இன்ஜினியர்கள் இங்கே வந்து நம்ம சாப்பாட்டுக்குப் பழகினார்கள். இப்போது நம்ம பிள்ளைகள் அங்கே போய் பழகுகிறார்கள்.

பிரிட்டனில் ஒரே தெருவில் சீன, துருக்கி, தாய், இத்தாலி, எத்தியோப்பியா சாப்பாடு கிடைக்கும். ஆனால் பில்லைப் படிக்கத் தெரியணும், மெனுவைப் படிக்கத் தெரியணும். தெரியாவிட்டால் சில நேரம் காசு போகும், சில நேரம் விசாவே சிக்கலாகும். அலர்ஜி இருப்பவர் என்றால் உயிருக்கே ஆபத்து.

பில்லில் வரும் 'சர்வீஸ் சார்ஜ்' என்ன?

இரண்டு பேர் சாப்பிட்டு 40 பவுண்ட் ஆனது என்று வைத்துக்கொள்வோம். லண்டனில் பல ரெஸ்டாரன்ட்களில் பில் 45 பவுண்டாக வரும். கூடுதல் 5 பவுண்ட்தான் 12.5% சர்வீஸ் சார்ஜ். ஒரு பவுண்ட் 115 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 575 ரூபாய்!

இது வரி இல்லை. பிரிட்டனின் 20% வாட் வரி மெனுவில் போட்டிருக்கும் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். நம்ம ஊரில் சாப்பாட்டு விலைக்கு மேல் 5% ஜிஎஸ்டி தனியாக வருவது போல அங்கே வராது. அதனால் கீழே தனியாக வரும் தொகை பெரும்பாலும் சர்வீஸ் சார்ஜ்தான். பக்கத்திலேயே 'ஆப்ஷனல்' அல்லது 'டிஸ்கிரீஷனரி' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அப்படி இருந்தால், விருப்பம் இல்லாதவர்கள் எடுத்துவிடச் சொல்லலாம். "கேன் யூ டேக் ஆஃப் த சர்வீஸ் சார்ஜ் ப்ளீஸ்" என்று கேட்டால் போதும், யாரும் முறைக்க மாட்டார்கள். சர்வீஸ் சார்ஜும் கொடுத்துவிட்டு மேஜையில் டிப்ஸும் வைப்பது தேவையே இல்லாத செலவு.

இந்தியாவிலும் இதே பிரச்னை ஓடியது. சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பிரிட்டனில் தானாகச் சேர்ப்பதற்குத் தடை இல்லை, எடுக்கச் சொல்லும் உரிமை மட்டும் வாடிக்கையாளருக்கு உண்டு.

இன்னொரு சின்ன விஷயம், தண்ணி. உட்கார்ந்ததும் "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" என்று கேட்பார்கள். இரண்டுமே காசு கொடுத்து வாங்கும் பாட்டில் தண்ணிதான். 'டேப் வாட்டர்' என்று கேட்க வேண்டும். மது விற்கும் உரிமம் உள்ள இடங்களில் வாடிக்கையாளர் கேட்டால் குழாய்த் தண்ணியை இலவசமாகக் கொடுப்பது கட்டாயம். குழாய்த் தண்ணியைக் குடிக்கலாமா என்று பயப்பட வேண்டாம், அங்கே எல்லோரும் குடிப்பது அதைத்தான்.

'இந்தியன் ரெஸ்டாரன்ட்'டில் தோசை ஏன் இல்லை?

பிரிட்டன் போன முதல் வாரத்தில் நம்ம ஊர் பிள்ளைகளுக்கு வரும் அதிர்ச்சி இது. போர்டில் 'இந்தியன்' என்று இருக்கும். உள்ளே போனால் இட்லி, தோசை, பொங்கல் எதுவும் இருக்காது. காரணம், அந்த நாட்டின் பழைய கறி ஹவுஸ்களில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியில் இருந்து போனவர்கள். கப்பல் வேலைக்குப் போன சில்ஹெட் ஆட்கள் லண்டனில் இறங்கி, கஃபே வைத்து, பிறகு ரெஸ்டாரன்ட் வைத்து வளர்த்த தொழில் அது.

மெனுவில் 'மெட்ராஸ்' என்று ஒரு அயிட்டம் இருக்கும். ஊர் ஞாபகத்தில் ஆர்டர் பண்ணினால் ஏமாற்றம்தான். அங்கே 'மெட்ராஸ்' என்பது ஊரே இல்லை, காரத்தின் அளவு! கோர்மா என்றால் காரம் இல்லாதது, மெட்ராஸ் என்றால் நல்ல காரம், விண்டாலு என்றால் அதற்கும் மேல். மயிலாப்பூரிலோ மந்தாரக்குப்பத்திலோ அந்தக் குழம்பைக் காட்டினால் யாருக்கும் அடையாளம் தெரியாது. விண்டாலு கூட கோவாவில் போர்ச்சுகீசியர் வழி வந்த, வினிகரும் பூண்டும் சேர்த்த சமையல். கறி ஹவுஸில் அதுவும் வெறும் கார அளவாகிவிட்டது.

அதற்காக மட்டமாகப் பேசவும் வேண்டியதில்லை. அது பிரிட்டனில் பிறந்த தனி சமையல். சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று 2001-ல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக் பேசியது பிரபலம். பர்மிங்காம் போனால் 'பால்டி' உண்டு. மெல்லிய இரும்புச் சட்டியில் வேகமாகச் சமைத்து, அதே சட்டியில் பரிமாறுவது. பாகிஸ்தானிய சமையல்காரர்கள் 1970-களில் அங்கே உருவாக்கியது.

வரலாறு அதற்கும் பின்னால் போகிறது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது 1810-ல் லண்டனில் 'ஹிந்துஸ்தானி காஃபி ஹவுஸ்' திறந்தார். இரண்டே வருஷத்தில் நஷ்டத்தில் மூழ்கியது. 1926-ல் ரீஜன்ட் ஸ்ட்ரீட்டில் வந்த 'வீராசாமி' ஓட்டல் நிலைத்துவிட்டது. பேரைக் கேட்டால் நம்ம ஊர்க்காரர் கடை போல இருக்கும், ஆனால் தொடங்கியவர் எட்வர்ட் பால்மர் என்ற ஆங்கிலோ இந்தியர். 2016-ல் மிச்செலின் நட்சத்திரம் வாங்கிய அந்த ஓட்டலுக்கே இப்போது சிக்கல். கட்டடம் கிரவுன் எஸ்டேட் என்ற அரச சொத்து நிர்வாகத்துக்குச் சொந்தம். மாடியில் இருக்கும் அலுவலகங்களுக்காக நுழைவாயிலைப் பெரிதாக்க வேண்டும் என்று சொல்லி, 2025 ஜூனில் முடிந்த குத்தகையைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். நூறு வருஷக் கடைக்கே இடம் நிச்சயம் இல்லை என்றால், லண்டன் வாடகை எப்படி என்று யோசித்துப் பாருங்கள். மெனு விலையில் ஒரு பெரும்பங்கு அந்த வாடகைதான்.

அப்போ தமிழ்ச் சாப்பாடு எங்கே?

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹாரோ. இந்த நாலு பேரை எழுதி வைத்துக்கொள்ளலாம். 1983-க்குப் பிறகு போரால் இடம்பெயர்ந்த இலங்கைத் தமிழர்கள் குடியேறிய பகுதிகள் இவற்றில் உண்டு. கொத்து ரொட்டி, இடியாப்பம், சொதி, மட்டன் ரோல்ஸ் எல்லாம் கிடைக்கும். விலையும் நகர மையத்தை விடக் குறைவு. மெனுவில் 'ஹாப்பர்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அது ஆப்பம்தான்.

லெஸ்டரில் பெல்கிரேவ் ரோடு முழுக்க குஜராத்திகள். 1972-ல் உகாண்டாவில் இடி அமின் ஆசிய மக்களை வெளியேற்றியபோது வந்தவர்களில் பலர் குடியேறிய நகரம் அது. சுத்த சைவம் தேடுபவர்களுக்கு நல்ல இடம். மான்செஸ்டரில் வில்ம்ஸ்லோ ரோட்டுக்கு 'கறி மைல்' என்றே பெயர், இப்போது அங்கே அரபு உணவுக் கடைகளும் நிறைய வந்துவிட்டன.

சைவம் என்று நினைத்துச் சாப்பிடுவது சைவம்தானா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தாய் ரெஸ்டாரன்ட்டின் காய்கறிக் குழம்பில் மீன் சாஸ் இருக்கலாம். ஜப்பானிய மிசோ சூப் பொதுவாக மீன் துருவல் போட்டுக் காய்ச்சிய சாற்றில் செய்வது. கொரியக் கிம்ச்சியில் இறாலோ மீனோ ஊறியிருக்கும். இத்தாலியக் கடையின் பார்மசான் சீஸ், கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்து எடுக்கும் ரென்னெட் போட்டு உறைய வைத்தது. எல்லாவற்றையும் விட, வெறும் உருளைக்கிழங்கு சிப்ஸ்! யார்க்‌ஷையர் போன்ற வட இங்கிலாந்துப் பகுதிகளில் பல மீன் சிப்ஸ் கடைகள் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். 'பீஃப் டிரிப்பிங்' என்று போர்டில் எழுதியிருந்தால் அதுதான் அர்த்தம். மெனுவில் 'வி' குறி இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் கேட்டுவிட வேண்டும். பாலும் வேண்டாம் என்றால் 'வீகன்' என்று தேட வேண்டும்.

முந்திரிக்கு ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

பண்ருட்டி முந்திரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு, "எனி அலர்ஜீஸ்?" என்ற சர்வரின் கேள்வி வேடிக்கையாக இருக்கும். பிரிட்டனில் அது சட்டம். 14 பொருட்கள் உணவில் இருக்கிறதா இல்லையா என்று கடைக்காரர் சொல்லியே ஆக வேண்டும். முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள், நிலக்கடலை, எள், கடுகு, பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, கிளிஞ்சல் கணவாய் வகை, சோயா, கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், செலரி, லூபின், சல்ஃபைட் ஆகியவை அந்தப் பட்டியல்.

இதை நம்ம சமையலோடு வைத்துப் பாருங்கள். தாளிப்பில் கடுகு. இட்லிப் பொடியில் எள், மேலே நல்லெண்ணெய். சட்னியில் கடலை. குருமாவில் முந்திரி விழுது. பொங்கலில் நெய், அது பால் கணக்கு. சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும், அது குளூட்டன் கணக்கு! அரிசியும் பருப்பும்தானே என்று சொல்லிக் கொடுத்துவிட முடியாது.

2014-ல் வடக்கு யார்க்‌ஷையரில் நடந்தது இது. நிலக்கடலை அலர்ஜி உள்ள 38 வயதுக்காரர் ஒருவர், கொட்டை எதுவும் வேண்டாம் என்று சொல்லியே ஒரு இந்திய டேக்அவேயில் சிக்கன் டிக்கா மசாலா வாங்கினார். கடை உரிமையாளர் செலவைக் குறைக்க, பாதாம் பொடிக்குப் பதிலாக விலை குறைந்த, நிலக்கடலை கலந்த பொடிக்கு மாறியிருந்தார். சாப்பிட்டவர் இறந்துவிட்டார். 2016-ல் உரிமையாளருக்கு 6 வருஷம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம், கவனக்குறைவால் மரணம் விளைவித்தது.

அதே 2016-ல் எள் அலர்ஜி இருந்த 15 வயதுப் பெண், எள் இருப்பது குறிப்பிடப்படாத பாகெட் ரொட்டியைச் சாப்பிட்டு இறந்தார். அந்தப் பெண்ணின் பெயரில்தான் 'நட்டாஷா சட்டம்' 2021 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. கடையிலேயே செய்து முன்கூட்டிப் பொட்டலம் போட்டு விற்கும் உணவில் எல்லாப் பொருட்களையும் அச்சிட வேண்டும் என்கிறது அது. ரெஸ்டாரன்ட்களும் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்தில் கொடுப்பது நல்லது என்று 2025 மார்ச்சில் ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி அறிவுறுத்தியிருக்கிறது.

ஓட்டல் கிச்சனில் பகுதி நேர வேலைக்குச் சேரும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். "கொஞ்சமாத்தான் போட்டேன்" என்பது அங்கே பதில் ஆகாது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, செஃப்பைக் கேட்டு வருவதே சரி.

கடை வாசலில் பச்சை ஸ்டிக்கர் எதற்கு?

சுகாதார மதிப்பெண். 0 முதல் 5 வரை, 5 நல்லது. வேல்ஸிலும் வடக்கு அயர்லாந்திலும் ஒட்டுவது கட்டாயம், இங்கிலாந்தில் கட்டாயம் இல்லை. ஸ்டிக்கர் காணோம் என்றால் கடைப் பேரை ஆன்லைனில் தேடிப் பார்த்துவிடலாம். ஸ்காட்லாந்தில் எண் கிடையாது, 'பாஸ்' அல்லது 'இம்ப்ரூவ்மென்ட் ரிக்வயர்ட்' என்று இருக்கும். ருசிக்கும் இந்த மதிப்பெண்ணுக்கும் சம்பந்தம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்தால் டிப்ஸ் யாருக்கு?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2024 அக்டோபர் 1 முதல் புதிய சட்டம். வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ், கார்டில் வரும் சர்வீஸ் சார்ஜ் எல்லாமே தொழிலாளர்களுக்குத்தான். வரி தவிர முதலாளி எதையும் பிடிக்கக் கூடாது, அடுத்த மாத முடிவுக்குள் கொடுத்துவிட வேண்டும். டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. 21 வயதுக்கு மேல் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்ட், 2026 ஏப்ரலில் 12.71 பவுண்ட்.

கையில் காசாகக் கொடுக்கிறேன், மணிக்கு 6 பவுண்ட் வாங்கிக்கோ என்று யாராவது, நம்ம மொழி பேசுபவராகவே இருந்தாலும், சொன்னால் அது சட்டவிரோதம். ஏகாஸ் என்ற அமைப்பின் இலவச ஹெல்ப்லைனில் ஆலோசனை கேட்கலாம்.

பட்டப் படிப்பு, முதுகலை மாணவர்கள் பொதுவாக கல்லூரி நடக்கும் வாரங்களில் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதைவிடப் பலர் கவனிக்காதது, ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழில் கூடாது என்பது. ஆப் மூலம் சாப்பாடு டெலிவரி செய்யும் வேலை அங்கே பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வருகிறது. நண்பரின் அக்கவுன்ட்டில் நாலு டெலிவரி ஓட்டினாலும் விதிமீறல்தான். பிடிபட்டால் விசா ரத்தாகலாம், வாங்கிய கல்விக்கடன் மட்டும் வீட்டில் நிற்கும்.