மலிவு ரிவால்வர்: விலை குறைந்தால் எது குறைகிறது?

இந்த வார அரங்கில் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சியில் கைத்துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் வீடு புகுந்து கொள்ளை, வழிப்பறி என்று செய்தி வரும்போதெல்லாம் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சாப்பாட்டுக் கடை மேசைகளில் ஒரு பேச்சு எழத்தான் செய்கிறது. "கையில் ஒன்று இருந்தால் தைரியம். மலிவாகக் கிடைக்குமாம்." அந்த 'மலிவு' என்ற சொல்லைத்தான் இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் நம் நாட்டுச் சட்டம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் வழங்கும் லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. காற்றுத் துப்பாக்கிக்கும் இதே விதிதான். 1971ஆம் ஆண்டு சுடுகருவிகள் (கூடுதல் தண்டனை) சட்டம் இன்னும் கடுமையானது. சட்டவிரோதமாக ஒரு துப்பாக்கி வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. சுட வேண்டும் என்பதில்லை, வைத்திருந்தாலே போதும்.

அப்படியானால் சாதாரண மனிதர் கடைக்குப் போய் ரிவால்வர் வாங்கும் இடம் எது? நமக்கு உறவுள்ள இந்தியாவையே பார்ப்போம். அங்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடமோ, பெருநகரங்களில் காவல் ஆணையரிடமோ லைசென்ஸ் பெற்ற பிறகுதான் கடைப்படி ஏற முடியும். 1980களிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்குக் கடும் தடை இருப்பதால், பெரும்பாலோர் நாடுவது அரசாங்கத் தொழிற்சாலைகளின் 'பாயிண்ட் 32' அளவு ரிவால்வரைத்தான்.

2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. 2012 டிசம்பரில் டில்லிப் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கென்று சொல்லி விற்கப்பட்டது அது. டைட்டானியம் கலப்பு உலோகம், எடை சுமார் அரை கிலோ. விலை எவ்வளவு தெரியுமா? 1,22,360 ரூபாய்! யாருக்குப் பாதுகாப்பு தேவையோ, அந்தப் பெண்களில் எத்தனை பேர் இதை வாங்க முடியும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

ஆறு தோட்டா போடும் சின்னப் பொருளுக்கு ஏன் இத்தனை விலை? ரிவால்வரின் ஒவ்வொரு தோட்டா அறையும் ஒரு சிறு வெடிப்பைத் தாங்க வேண்டும். சுழலும் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் குழலுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் ஆபத்து. நல்ல எஃகும் துல்லியமான கடைசலும் மலிவாக வருவதில்லை.

விலையைக் குறைக்கத் துணிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே துத்தநாகக் கலப்பு உலோகத்தை அச்சில் வார்த்து மலிவுத் துப்பாக்கிகள் செய்தார்கள். இந்த உலோகம் 400 டிகிரி செல்சியசை எட்டும் முன்பே உருகிவிடும். அதனால் சவுத் கரோலைனா, இல்லினாய் போன்ற மாநிலங்கள், 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 427 டிகிரி செல்சியசுக்குக் கீழே உருகும் உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கிகளுக்குத் தடை போட்டன. 1968இல் மத்திய அரசு மலிவுத் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்தியது. உடனே பாகங்களை மட்டும் வரவழைத்து உள்நாட்டிலேயே பூட்டி விற்றார்கள். 1981இல் அதிபர் ரீகனைச் சுட்டதும் அத்தகைய மலிவு ரிவால்வர்தான்.

சரி, லைசென்ஸ் உள்ளவர் அனுமதி பெற்ற கடையில் எதைப் பார்க்க வேண்டும்? விற்பனையாளர் முன்னிலையில், அறைகள் அனைத்தும் காலி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். குழல் எப்போதும் ஆளில்லாத பக்கம் இருக்கட்டும்.

முதலாவது, அடையாளம். தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், சோதனை முத்திரை மூன்றும் இருக்கிறதா? வழக்கத்தை விட அதிக அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டு, துப்பாக்கி தாங்குகிறதா என்று பார்த்த பிறகே அந்த முத்திரை குத்தப்படும். அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதே இந்தியச் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது, சிலிண்டர். சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால், அது முழுதாக நிமிர்வதற்குள் சிலிண்டர் சுழன்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் இதைப் பார்க்க வேண்டும். பூட்டிய பிறகு சிலிண்டர் லேசாக அசைந்தால் பரவாயில்லை. ஆட்டம் கண்டால் வேண்டாம். சரியாகப் பூட்டாவிட்டால் குண்டு குழலின் விளிம்பில் உரசி, ஈயத் துகள் பக்கவாட்டில் சிதறும். அது சுடுபவரையே காயப்படுத்தும்.

மூன்றாவது, இடைவெளி. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் சரி. பழைய பாணி ரிவால்வர்கள் நடுவில் மடங்கித் திறக்கும். அவற்றின் கீலும் கொக்கியும் தளர்ந்திருக்கக் கூடாது. 2023இல் கான்பூரில் வெளியான 'பிரபல்' ரிவால்வரில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கிறது. அதில் மடங்கும் கீல் இல்லை.

நான்காவது, சுத்தியல். முழுதாக நிமிர்த்திய சுத்தியலைக் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளினால் விழக் கூடாது. விழுந்தால், கை தவறினாலே வெடிக்கும். கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கும் தடுப்பு உள்ளே இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, குழல். உள்ளே துருக்குழியோ வளையம் போன்ற வீக்கமோ இருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இப்போது நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடை மேசைக்குத் திரும்புவோம். காதோடு காதாக 'மலிவாகக் கிடைக்கும்' என்கிறார்களே, அந்தப் பொருளுக்கு இந்த ஐந்தில் எதைச் சோதிக்க முடியும்? முதல் சோதனையிலேயே அது தோற்றுவிடுகிறது. பெயர் இல்லை, எண்ணை அரத்தால் அழித்திருப்பார்கள், முத்திரை இல்லை. வெடித்துக் கை போனால் யாரிடம் போய்க் கேட்பது? அதற்கு முன் எந்தக் குற்றத்தில் அது பயன்பட்டது என்றும் தெரியாது. பிடிபட்டால் அந்தப் பழியும் உங்கள் வாசலுக்கு வரலாம்.

நேயர்களே, துப்பாக்கியின் நம்பகத்தன்மை இரும்பில் மட்டும் இல்லை. அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் அது தொடங்குகிறது. அச்சம் வந்தால் கதவை உறுதியாக்குங்கள், அண்டை வீட்டாரோடு சேர்ந்து குடியிருப்புக் காவலை அமையுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். ஆறு தோட்டாவை நம்பி ஆறு பிரம்படியை வீட்டுக்கு அழைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.