தட்டிய எழுத்து எந்தச் சாளரத்துக்கு?

ஓவிய மென்பொருளில் கருவிப்பட்டையைப் பிரித்தெடுத்து, திரையின் ஓரத்தில் மிதக்க விடுகிறோம். அதில் ஒரு தூரிகையைச் சொடுக்கிவிட்டு, அளவைக் கூட்டும் விசையைத் தட்டினால் சில மென்பொருள்களில் ஒன்றுமே நடக்காது. படத்தின் மேல் இன்னொரு முறை சொடுக்கிய பிறகுதான் விசைக்கு உயிர் வரும்.

மவுஸைச் சொடுக்கும்போது, திரையில் எந்த இடம் என்பதும் சேர்ந்தே போகிறது. எந்தச் சாளரத்துக்கு என்ற கேள்விக்கு இடமில்லை. விசைப்பலகையோ எந்த விசை அழுந்தியது என்பதை மட்டும் சொல்லும். அது முகவரி எழுதாத தபால். அதனால் இயங்குதளமே ஒரு சாளரத்தைப் பெறுநராகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அதைத்தான் ஃபோகஸ் என்கிறார்கள். சொடுக்கிய சாளரத்துக்கே ஃபோகஸ் என்பது வழக்கமான விதி. பட்டை ஆவணத்தோடு ஒட்டியிருக்கும்வரை இந்த விதியால் தொல்லையில்லை. பிரித்துவிட்டால், இயங்குதளத்தின் கணக்கில் அது தனிச் சாளரம். சொடுக்கினால் விசைப்பலகையையும் பறித்துக்கொள்ளும்.

திரையில் தோன்றும் தமிழ் விசைப்பலகையை எண்ணிப் பாருங்கள். 'அ'வைச் சொடுக்கியதும் ஃபோகஸ் அந்த விசைப்பலகைச் சாளரத்துக்கே போய்விட்டால், எழுத்து கடிதத்தில் எப்படி விழும்?

விண்டோஸ் இதற்கு அழகான ஒரு வழி வைத்திருக்கிறது. செயலற்றிருக்கும் சாளரத்தைச் சொடுக்கினால், அதை முன்னிறுத்துவதற்கு முன் "உன்னை இயக்கட்டுமா?" என்று அதனிடமே கேட்கிறது. "வேண்டாம், சொடுக்கை மட்டும் கொடு" என்று பட்டை பதில் சொல்லலாம். பொத்தான்களுக்கு இது போதும். ஆனால் எழுத்தின் அளவைத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி அதே பட்டையில் இருந்தால்? அதற்கு ஃபோகஸ் கட்டாயம் வேண்டும். எண்ணை எழுதி எண்டரைத் தட்டியதும் ஆவணத்துக்குத் திருப்பித் தரவும் வேண்டும். இரண்டு ஆவணங்கள் திறந்திருந்தால் எதற்குத் திருப்புவது என்பதையும் யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். பிழைகள் புகுவது பெரும்பாலும் இந்தத் திரும்பும் வழியில்தான்.

என்னை மிகவும் கவர்ந்தது மேக் காட்டும் தீர்வு. ஒரே ஃபோகஸை அது இரண்டு பொறுப்புகளாகப் பிரிக்கிறது: விசைகளைப் பெறும் சாளரம் ஒன்று, வேலை நடக்கும் முதன்மைச் சாளரம் இன்னொன்று. மிதக்கும் பட்டையின் பெட்டியில் எண்ணை எழுதும்போதும், நாம் திருத்துவது எந்த ஆவணம் என்பதை மேக் மறப்பதில்லை. மேக்கில் கிழித்தெடுக்கும் பட்டைகள் பழைய சங்கதி. 1987இல் வந்த ஹைப்பர்கார்ட் என்ற மென்பொருளிலேயே கருவிகள் மெனுவை இழுத்துத் தனியாக வைத்துக்கொள்ள முடிந்தது.

லினக்ஸில் நிலைமை இன்னும் சிக்கல். எக்ஸ் சாளர அமைப்பில் சாளரங்களை நிர்வகிப்பது தனியான ஒரு நிரல். "நான் வெறும் துணைச் சாளரம்" என்று பட்டை குறிப்புக் காட்டலாம். அதற்கு என்ன மதிப்பு என்பதை அந்த நிர்வாகிதான் முடிவுசெய்யும். மவுஸ் போகும் இடமெல்லாம் ஃபோகஸும் போகும்படி அமைத்துக்கொள்பவர்களும் உண்டு. படத்திலிருந்து பட்டைக்கு மவுஸ் நகரும் வழியில் வேறொரு சாளரம் கிடந்தால், ஃபோகஸ் அதையும் தொட்டுவிட்டே போகும். தனித்தனிச் சாளரங்களாகவே வளர்ந்த கிம்ப் என்ற ஓவிய மென்பொருள், 2012இல் 2.8ஆம் பதிப்பில் எல்லாவற்றையும் ஒரே சாளரத்தில் அடக்கும் வசதியைத் தந்தது. 2018இல் வந்த 2.10இல் அதுவே இயல்பு நிலையானது.

ஃபோகஸையே வாங்காத பட்டைதான் நல்ல பட்டை என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் பெரும்பாலும் ஃபோகஸைப் பின்தொடர்ந்தே வாசிக்கிறது; மவுஸ் அவர்களுக்குப் பயன்படுவது அரிது. எனவே மவுஸிடம் "வேண்டாம்" என்று சொல்லும் பட்டை, விசைப்பலகை வழியாக வருபவருக்குக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். விண்டோஸ் மென்பொருள்கள் பலவற்றில் எஃப்6 விசை ஒரு பலகத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும். பிரித்தெடுத்த பட்டைக்கும் அந்த வரிசையில் இடம் இருக்கிறதா என்றுதான் எந்தப் புது மென்பொருளிலும் நான் முதலில் பார்ப்பேன்.